மானியமும் மாட்டுக் கொட்டிலும்

(கழகத்தின் வெள்ளி விழா ஆண்டுப் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கல்விக் கழகத்தின் மேடையில் ஒரு தலைமையாசிரியர் மாட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறாரே என்று உங்களில் சிலர் வியக்கக்கூடும். செயலாளர் அவர்கள் ‘கல்வியும் பொருளாதாரமும்’ என்னும் தலைப்பைத்தான் எனக்கு முதலில் அளித்தார்கள். அது கடல் போன்ற தலைப்பு. நானோ இளங்கலைப் பட்டமும் ஆசிரியப் பயிற்சியும் மட்டுமே பெற்றவன். பொருளாதார அறிஞன் அல்லன். ஆகவே எனக்குக் கைவந்த ஒரு சிறு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ள இசைவு பெற்றேன். பால் மாட்டுக்கென அரசு வழங்கும் மானியம் நம் தெருக்களுக்கு எவ்வாறு வந்தது, வந்தது எங்கே போயிற்று என்பதே அப்பகுதி. அதில் எனக்கு நேரடி அனுபவம் உண்டு. எட்டாம் வகுப்பை நான் இரண்டு முறை படித்தவன். அதற்குக் காரணம் ஒரு பசு.

ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டம் என்ற பெயரைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1978-79-இல் தொடங்கி, 1980 அக்டோபர் 2 முதல் நாட்டின் எல்லா ஊராட்சி ஒன்றியங்களுக்கும் விரிவாக்கப்பட்ட திட்டம் அது. வறுமைக் கோட்டுக்குக் கீழே வாழும் குடும்பத்திற்கு வருமானம் தரும் ஒரு சொத்தை வாங்கித் தருவது அதன் நோக்கம். விலையில் ஒரு பகுதி அரசின் மானியம். எஞ்சியது வங்கிக் கடன். சிறு விவசாயிக்குக் கால் பங்கு மானியம்; குறு விவசாயிக்கும் விவசாயத் தொழிலாளிக்கும் மூன்றில் ஒரு பங்கு. ஆதிதிராவிடருக்கு அது பாதியாக உயர்ந்தது பிற்பாடு. தையல் பொறி, மாட்டு வண்டி, பெட்டிக்கடை எனப் பல தொழில்களுக்குக் கடன் உண்டு என்றாலும், நம் பகுதியில் ‘மாட்டு லோன்’ என்ற பெயரே அத்திட்டத்துக்கு நிலைத்துவிட்டது.

1984-ஆம் ஆண்டு. எனக்கு வயது பதின்மூன்று. என் தந்தையார் கூலி வேலை செய்தவர். ஒரு சென்ட் நிலமும் எங்களுக்கு இல்லை. பயனாளிகள் பட்டியலில் அவர் பெயர் வந்த அன்று எங்கள் தாயார் அகல் விளக்கு ஏற்றி வைத்தது இன்றும் என் கண்முன் நிற்கிறது. குறித்த நாளில் அதிகாரிகள், மருத்துவர், தரகர், பயனாளிகள் என ஒரு கூட்டமே சந்தைக்குச் சென்றது. விடுமுறை நாளாதலால் நானும் போனேன். தரகர் துண்டைப் போர்த்து, அதனுள் விரல்களைப் பிடித்து விலை பேசினார். என் தந்தையாரின் விரல்கள் அத்துண்டுக்குள் போகவில்லை. வாங்குகிறவர் அவர், விலை பேசியவர்கள் வேறு இருவர். ‘ஈன்று இருபது நாள், வேளைக்கு மூன்று லிட்டர், இரு வேளைக்கு ஆறு’ என்றார்கள். அருகே ஒரு கன்று நின்றது. காதில் வில்லை குத்தினார்கள். காகிதத்தில் 3,000 ரூபாய் என்று எழுதினார்கள். மானியம் 1,000, கடன் 2,000. தந்தையார் கைநாட்டு வைத்தார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மை தெரிந்தது. அந்தக் கன்று அந்தப் பசுவின் கன்று அன்று. பசு அதை முகர்ந்து பார்த்துவிட்டு உதைத்துத் தள்ளியது. பாலைச் சுரக்க மறுத்தது. ஈன்று ஏழு மாதம் ஆன மாட்டுக்கு, வேறொரு மாட்டின் இளங்கன்றைப் பக்கத்தில் நிறுத்திக் காட்டியிருக்கிறார்கள். இரு வேளையும் சேர்த்து இரண்டரை லிட்டர் கறந்தால் பெரிது. மூன்றே மாதத்தில் மாடு வற்றிவிட்டது. மாட்டை விற்றவரை என் தந்தையார் ஓராண்டு கழித்து வேறொரு சந்தையில் தற்செயலாகச் சந்தித்தார். தமக்குக் கிடைத்தது 2,100 ரூபாய்தான் என்று அவர் சொன்னாராம்.

மாணவச் செல்வங்களே, இந்தக் கணக்கை நீங்கள் போட்டுப் பாருங்கள். மாட்டின் உண்மை விலை 2,100. நாங்கள் வங்கிக்குத் திருப்பிக் கட்டிய அசல் 2,000. அதன் மேல் வட்டி வேறு. அப்படியானால் அரசு தந்த 1,000 ரூபாயில் எங்கள் கொட்டிலுக்கு வந்து சேர்ந்தது 100 ரூபாய். மீதி 900 சந்தையின் எல்லையைத் தாண்டவே இல்லை. ஆனால் அரசின் பேரேட்டில் அந்த ஆயிரமும் எங்கள் பெயரில்தான் இருக்கிறது. ‘இவர்களுக்கு எவ்வளவு கொடுத்தாலும் முன்னேற மாட்டார்கள்’ என்று பேசுகிறவர்கள் அந்தப் பேரேட்டைத்தான் பார்த்துவிட்டுப் பேசுகிறார்கள்.

திட்டத்தை வகுத்தவர்கள் அறியாதவர்கள் அல்லர் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு மாடு ஏறக்குறைய முந்நூறு நாள் கறக்கும்; பிறகு இரண்டு மாதமாவது வற்றியிருக்கும்; சினை பிடிக்கத் தாமதமானால் அது இன்னும் நீளும். வற்றிய காலத்திலும் அது தின்னும். கடன் தவணையும் நிற்காது. ஆகவே ஆறு மாத இடைவெளியில் இரண்டாவது மாடும் தர வேண்டும் என்பது திட்டத்திலேயே இருந்த ஏற்பாடு. எங்களுக்கு அது வரவில்லை. முதல் கடனில் தவணை நிலுவை இருப்பதால் இரண்டாவது மாடு இல்லை என்றார்கள். முதல் மாடு வற்றியதால் தவணை நின்றது. தவணை நின்றதால் இரண்டாவது மாடு நின்றது. இந்த வளையத்துக்குள் சிக்கியவை எங்கள் குடும்பம் ஒன்று மட்டுமன்று. 1985-இல் நீலகண்ட ரத் என்னும் பொருளாதார அறிஞர், இத்திட்டத்தால் வறுமையை ஒழிக்க இயலுமா என்று வினவி ஒரு கட்டுரை எழுதினார். நாடெங்கும் விவாதிக்கப்பட்ட கட்டுரை அது. கல்லூரி நூலகத்தில் பின்னாளில் அதைப் படித்தபோது, எங்கள் கொட்டிலை யாரோ எட்டிப் பார்த்துவிட்டு எழுதியது போல இருந்தது.

இப்போது பாலுக்கு வருகிறேன். கறந்த பால் சிறிதாயினும் அதை விற்றாக வேண்டும் அல்லவா? ஊர்த் தெருவில் பால் கூட்டுறவுச் சங்கம் இருந்தது. தூக்குவாளியை எடுத்துக்கொண்டு நான் போவேன். படிக்குக் கீழே நிற்கச் சொல்வார்கள். எல்லோரும் ஊற்றிய பிறகு கடைசியில் எங்கள் பாலை வாங்கித் தனிப் பாத்திரத்தில் ஊற்றுவார்கள். பால்மானியை உள்ளே விட்டு, ‘டிகிரி இல்லைடா, தண்ணீர் ஊற்றியிருக்கிறாய்’ என்பார்கள். என் தாயார் ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்காமல் கறந்து தந்த பால் அது. ஐந்தாம் நாள், ‘இனிமேல் கொண்டு வராதே’ என்று சொல்லிவிட்டார்கள். என் தந்தையார் மேலே சென்று முறையிடவில்லை. மறுநாள் நாற்று நடவுக்கு அதே தெருவில்தான் அவர் கூலிக்குப் போக வேண்டும்.

அதன் பிறகு மிதிவண்டியில் வரும் தனியார் பால்காரர் ஒருவர் சங்கத்தின் விலைக்கும் குறைவாகக் கொடுத்து எடுத்துக்கொண்டார். அவர் அதைப் பேருந்து நிறுத்தத்துத் தேநீர்க் கடைக்கு ஊற்றினார். அக்கடையில் எங்களுக்குத் தனிக் குவளை. குடித்துவிட்டு நாங்களே கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டும். எங்கள் வீட்டுப் பால் கலந்த தேநீரைத் தந்தையாரும் நானும் அந்தக் குவளையில் வாங்கிக் குடித்திருக்கிறோம். மிதிவண்டியில் ஏறியவுடன் பாலுக்குத் தீட்டு நீங்கிவிட்டது, எங்களுக்கு நீங்கவில்லை.

இது பழங்கதை என்று இளைஞர்கள் எண்ண வேண்டாம். கன்சியாம் ஷா, சுகதேவ் தோரட் முதலிய அறிஞர்கள் 11 மாநிலங்களில் 565 கிராமங்களை ஆய்ந்து, ஊரக இந்தியாவில் தீண்டாமை பற்றி 2006-இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். பால் கூட்டுறவுச் சங்கம் இயங்கிய கிராமங்களுள் ஏறத்தாழப் பாதியில் தலித் மக்கள் பால் விற்கத் தடை இருந்ததாக அதில் கண்டிருக்கிறது. வெண்மைப் புரட்சி நிறைவுற்ற பிறகு எடுக்கப்பட்ட கணக்கு இது.

அந்த வெண்மைப் புரட்சியும் மானியத்தில் விளைந்ததே என்பதை இடையில் ஒரு சொல் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய நாடுகள் தம் விவசாயிகளுக்கு மானியமும் விலை உறுதியும் அளித்ததால் அங்கே பால் பொருள்கள் மலை போலக் குவிந்தன. அந்தப் பால் பவுடரும் வெண்ணெய் எண்ணெயும் நன்கொடையாக இங்கே வந்தன. அவற்றைப் பம்பாய், கல்கத்தா, தில்லி, சென்னை ஆகிய பெருநகரங்களின் பால் பண்ணைகளுக்கு விற்று, அந்தப் பணத்தைக் கொண்டே 1970 முதல் நம் நாட்டில் கூட்டுறவுப் பால் அமைப்புகள் கட்டப்பட்டன. எங்களுக்குப் பசு வந்த அதே 1984-இல் ஐரோப்பாவில் பால் மிகுந்து போய், இவ்வளவுக்கு மேல் கறக்கக் கூடாது என்று பங்கீடு விதித்தார்கள். எங்கள் பசுவுக்கு எந்த விதியும் தேவைப்படவில்லை. அது தானாகவே நிறுத்திக்கொண்டது. (சிரிப்பு)

நான் எட்டாம் வகுப்பை இரண்டு முறை படித்த கதையைச் சொல்கிறேன். மாட்டுக்குப் பசுந்தீவனம் வேண்டும். நிலம் உடையவன் வரப்பில் புல் அறுப்பான், சோளத்தட்டை போடுவான். நிலமில்லாதவன் எங்கே போவான்? மேய்ச்சல் புறம்போக்கு எல்லாம் ஏற்கெனவே யாருடைய பட்டா நிலத்தோடோ சேர்ந்துவிட்டிருந்தது. ஏரிக்கரையிலும் சாலையோரத்திலும்தான் மேய்க்க வேண்டும். தந்தையும் தாயும் கூலிக்குப் போய்விட்டால் மாட்டை ஓட்டிச் செல்ல நான்தான். முதலில் வாரம் ஒரு நாள் பள்ளிக்குப் போகவில்லை. பிறகு மூன்று நாள். அறுப்புக் காலத்தில் முழுமையாக நின்றேன். ஆண்டிறுதியில் வருகை போதவில்லை என்று தேர்ச்சி மறுக்கப்பட்டது. அரசின் கணக்கில் எங்களுக்கு 1,000 ரூபாய் வரவு. எங்கள் வீட்டுக் கணக்கில் அதற்கு எதிரே ஓராண்டுப் படிப்பு பற்று. எந்தத் தணிக்கையிலும் இது வந்ததாக நான் அறியவில்லை.

மறு ஆண்டு என்னைப் பள்ளிக்கு அனுப்புவதற்காகத் தந்தையார் மாட்டை விற்றார். நஷ்டத்துக்குத்தான் விற்றார். மீதிக் கடனைக் கூலிப் பணத்திலும், தாயாரின் காதணியை விற்ற பணத்திலுமாக 1988-க்குள் கட்டி முடித்தார். 1990-இல் விவசாய, ஊரகக் கடன் நிவாரணம் வந்தது. 10,000 ரூபாய் வரையில் தவணை தவறிய கடன்களுக்குத் தள்ளுபடி. ஒழுங்காகக் கட்டி முடித்தவருக்கு அதில் ஒன்றும் இல்லை. தள்ளுபடி பெற்றவர்கள் மீது எனக்குப் பொறாமை இல்லை. அவர்களும் எங்களைப் போல ஏமாந்தவர்களே. ஆனால் தாயாரின் மூளிக் காதைக் காணும்போதெல்லாம் அந்த ஆண்டு எனக்கு நினைவுக்கு வரும்.

மாடு வேண்டும் என்றால் முதலில் மண் வேண்டும். அண்ணல் அம்பேத்கர் 1947-இல் எழுதிய ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ என்னும் நூலில், நிலத்தை அரசுடைமையாக்கிச் சாதி வேறுபாடின்றிக் கிராம மக்களுக்குக் குத்தகைக்கு அளிக்க வேண்டும் என்றார். உழவு மாடு, நீர், கருவி, எரு, விதை ஆகியவற்றையும் அரசே வழங்க வேண்டும் என்றார். மண்ணோடு சேர்த்தே மாட்டைக் கேட்டார். நாம் பெற்றதோ மண் இல்லாத மாடு. 1892-க்குப் பின் நம்மவர்க்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்களின் கதி உங்களுக்குத் தெரியும்; அது தனியே ஒரு நாள் பேச வேண்டிய பொருள்.

இனி, பின்னர் வந்த மாற்றங்கள். 1999 ஏப்ரலில் பழைய திட்டம் பொன்விழாக் கிராம சுயவேலைவாய்ப்புத் திட்டமாக மாறியது. ஆதிதிராவிடருக்குப் பாதி மானியம், உச்ச அளவு 10,000 ரூபாய். அதில் ஒரு புதுமை, மானியம் முன்னால் கைக்கு வராது. வங்கியில் தனிக் கணக்கில் நிற்கும். அந்தப் பகுதிக்கு வட்டி இல்லை. மற்றதைக் கட்டி முடித்தபின் கடைசித் தவணைகளில் கழித்துக்கொள்ளப்படும். 2010-இல் நபார்டு வழியாக வந்த பால் பண்ணைத் தொழில்முனைவோர் திட்டத்திலும் இதே முறைதான். பொதுப் பிரிவினருக்கு 25 விழுக்காடு, நமக்கு 33.33 விழுக்காடு. அத்திட்டம் 2020-21 முதல் நிறுத்தப்பட்டது. தரகரின் துண்டுக்குள் பணம் போகாதபடி காக்கும் வழி இது என்பதால் நான் இம்முறையை ஆதரிக்கிறேன். ஆயினும் முழு விலைக்கும் கடன் தர வங்கி துணிய வேண்டும். இடையில் மாடு இறந்தாலும் தவணை கட்டும் தெம்பு வீட்டில் இருக்க வேண்டும். பத்து மாட்டுப் பண்ணைக்குத் திட்ட அறிக்கை எழுதித் தரத் தெரிந்தவன் வீட்டுக்கே பெருமளவு போய்ச் சேர்ந்ததை நான் கண்டிருக்கிறேன்.

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு விலையில்லாக் கறவை மாடு வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. ஆண்டுக்கு 12,000 மாடுகள், ஐந்தாண்டில் 60,000 என்பது இலக்கு. கடன் இல்லை, மாடு பெண்ணின் பெயரில், பயனாளியே சந்தைக்குச் சென்று தேர்ந்தெடுக்கலாம். என் தாயார் அப்போது உயிரோடு இருந்தார். ‘விரலை நாமே பிடிக்கலாமா?’ என்று கேட்டார். திட்டங்களை மதிப்பிட அவருக்கு அந்த ஒரு கேள்வி போதுமாயிருந்தது.

அண்மைக் காலத்தில் மானியம் மாட்டை விட்டுப் பாலுக்கு வந்திருக்கிறது. கருநாடகம் 2008-இலேயே லிட்டருக்கு 2 ரூபாய் ஊக்கத்தொகை கொடுக்கத் தொடங்கியது. தமிழ்நாட்டில் 2022 நவம்பரில் பசும்பால் கொள்முதல் விலை 32 ரூபாயிலிருந்து 35 ஆகவும், எருமைப்பால் 41-லிருந்து 44 ஆகவும் உயர்ந்தன. 2023 டிசம்பர் 18 முதல் அதன் மேல் லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகை அறிவிக்கப்பட்டது. நல்லதுதான். ஆனால் இது யாருக்குக் கிடைக்கும்? சங்கத்தில் பால் ஊற்றுகிறவருக்கு மட்டும். நாள்தோறும் 60 லிட்டர் ஊற்றும் பண்ணையாருக்கு மாதம் 5,400 ரூபாய். 8 லிட்டர் ஊற்றும் நம் சகோதரிக்கு 720 ரூபாய். மிதிவண்டிக்காரரிடமோ தனியார் நிறுவனத்திடமோ ஊற்றுகிறவருக்கு ஒன்றும் இல்லை. ஆகவே நாற்பது ஆண்டுக்கு முன் ‘இனிமேல் கொண்டு வராதே’ என்று சொன்ன அந்த வாசற்படிதான் இன்றைக்கு மானியத்தின் வாசற்படியும் ஆகிவிட்டது.

வரவு செலவையும் பார்ப்போம். பத்து லிட்டர் கறக்கும் கலப்பினப் பசுவுக்கு உடல் பராமரிப்புக்கு ஒன்றரைக் கிலோ, ஒவ்வோர் இரண்டரை லிட்டருக்கும் ஒரு கிலோ என்ற கணக்கில் ஐந்தரைக் கிலோ அடர்தீவனம் வேண்டும். கிலோ 30 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் 165 ரூபாய். 38 ரூபாய் வீதம் பால் பணம் 380. மீதி 215-இல் வைக்கோலும் பசுந்தீவனமும் விலைக்கு வாங்கினால் கையில் 100 ரூபாய் நிற்பதே அரிது. அதில்தான் தவணை, காப்பீடு, மருந்து, வற்றிய மாதங்கள் எல்லாம். தம் நிலத்தில் தீவனம் விளைவிப்பவருக்கு இதே மாட்டில் லாபம் உண்டு. மாட்டுக் கடன் வாங்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இந்தக் கணக்கை வீட்டில் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள் என்கிறேன். கணக்குப் போட நம் வீடுகளில் இப்போது பிள்ளைகள் இருக்கிறார்கள்.

2018-19 முதல் விவசாயக் கடன் அட்டை கறவை மாடு வைத்திருப்போருக்கும் உண்டு. நிலப்பட்டா இல்லாவிட்டாலும் கேட்கலாம். 2 இலட்சம் வரை ஒழுங்காகத் திருப்பினால் வட்டி 4 விழுக்காடே ஆகும். தாட்கோ வழியாக 2023-24-இல் தொடங்கிய தொழில் முன்னேற்றத் திட்டத்தில் 35 விழுக்காடு மானியம், உச்ச அளவு 3.50 இலட்சம். இவ்வாண்டு விதிகள் எவ்வாறு என்பதை மாவட்ட அலுவலகத்தில் எழுத்து மூலம் கேளுங்கள். வாய்மொழியை நம்பாதீர்கள்.

கழகத்தின் செயற்குழுவில் நேற்று ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். வரும் சனிக்கிழமை முதல் பிற்பகலில் நம் இரவுப் பாடசாலைக் கட்டடத்தில் பட்டதாரி இளைஞர்கள் இருவர் இருப்பார்கள். பால் சங்க உறுப்பினர் விண்ணப்பம் எழுதித் தருவார்கள். உறுப்பினராக எத்தனை நாள், எத்தனை லிட்டர் ஊற்ற வேண்டும் என்பது சங்கத்தின் துணைவிதியில் இருக்கும். அதன் நகலைக் கேட்டு வாங்கிப் படித்துச் சொல்வார்கள். மறுத்தால் மறுத்ததை எழுதித் தரச் சொல்வார்கள். சாதிச் சான்று, வங்கிப் புத்தகம் இரண்டையும் கொண்டு வாருங்கள். ஊற்றிய பாலுக்கு நாள்தோறும் சீட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். கறவை நேரத்துக்காகப் பெண் குழந்தைகளை முதல் பாடவேளைக்குத் தாமதமாக அனுப்பும் வீடுகள் எவை என்பது வருகைப் பதிவேட்டில் எனக்குத் தெரிகிறது. அவ்வீடுகளுக்கு நானே வருவேன்.

யாரேனும் சந்தைக்கு மாடு பிடிக்கப் போவதாயிருந்தால் என்னையும் அழைத்துச் செல்லுங்கள். ஞாயிறாக இருக்கட்டும். கன்று தன் தாயைத் தேடிப் போகிறதா என்று பார்க்க எனக்குத் தெரியும்.